கோடித்துணி வந்த முகவரி

சுருளி என்ற பெயர் பதினோரு முறை கதவைத் தட்டியிருந்தது. பதினோரு முறையும் கடவுச்சொல் தவறு என்று விரட்டப்பட்டிருந்தது. அதே நாளில், அதே பெயர், வேறு எங்கிருந்தோ வந்து, ஒரே தட்டில் உள்ளே போயிருந்தது.

"சார், இங்கன ரெண்டு சுருளி இருக்காக," என்றாள் யுவராணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒருத்தருக்குச் சொந்த வீட்டுச் சாவியே சேரல. இன்னொருத்தரு புது மாப்பிள்ளை மாதிரி நேரா உள்ள போய் உக்காந்துருக்காரு."

துப்பறியும் கர்ணன் அந்தப் பிரவுசிங் சென்டரின் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம்தான், ஆனால் உத்தமபாளையத்துக்கு மேற்கே மேகம் இறங்கி, மலை பாதிதான் தெரிந்தது. கர்ணனுக்கு வயது ஐம்பது. தேனி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியறையில் அவருடைய அலுவலகம். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதன் மேல் டீ கிளாஸ் வைக்கக் கூடாது என்பது மட்டுமே. அந்தக் குறையை நான்கு வருடமாக நிரப்பி வருகிறவள் யுவராணி. முன்பு கம்ப்யூட்டர் வாத்திச்சியாக இருந்தவள். வாய் கொஞ்சம் நீளம், சம்பளம் கொஞ்சம் குறைவு.

ஆனால் இன்றைக்கு அவளுக்கே தன் கிண்டல் கசந்தது. காரணம் அபிதா.

அபிதா இருபத்துநாலு வயது நர்ஸ். மூன்று மாதம் முன்பு, அவள் வேலை பார்த்த தனியார் கிளினிக்குக்கு ஏலத்தோட்ட முதலாளி விஜயகுமாரின் ஆட்கள் ஒரு கூலியாளைத் தூக்கி வந்தார்கள். மரத்திலிருந்து விழுந்தான் என்று எழுதச் சொன்னார்கள். அந்த ஆள் சாவதற்கு முன் அபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடித்தது யார் என்று சொல்லிவிட்டுச் செத்தான். நாளை வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, அதை அவள் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

அதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக, வக்கீல் மலையம்மாள் அவளை வீடு மாற்றி வீடு வைத்துக் காப்பாற்றி வந்தார். எந்த வீடு, யார் சாப்பாடு கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் இணையத்தில் பூட்டுப்போட்ட ஒரு பக்கத்தில் இருக்கும். ஆறு பேருக்குத்தான் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. அந்தப் பூட்டைச் சோதித்துப் பார்த்தவள் யுவராணி. "ஈ கூட நுழையாது, பயப்படாத," என்று அபிதாவின் தோளைத் தட்டிச் சொன்னவளும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேவாரத்து வீட்டு வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. உள்ளே பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணி. கூடவே ஒரு சீட்டு: 'சாட்சி சொல்ல ஆள் இருக்கணுமே.' மறுநாளே அபிதாவைக் காமயகவுண்டன்பட்டிக்கு மாற்றினார்கள். இணையப் பக்கத்தில் புது முகவரி ஏறியது. இன்று விடிகாலை அங்கேயும் கோடித்துணி வந்துவிட்டது. இந்த முறை சீட்டு இல்லை. எழுதிச் சொல்ல இனி ஒன்றுமில்லை என்பதுபோல் அது வெறுமனே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் யுவராணியை அதிகம் பயமுறுத்தியது.

சர்வரின் பதிவேட்டில் இரண்டு முறையும் முகவரியைப் பார்த்த பெயர் சுருளி. ஆறு பேரில் ஒருவன், ஆட்டோ ஓட்டுகிறவன். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வக்கீல் ஆபீஸ் ஆட்கள் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் மேல் பட்டன் இரண்டு போயிருந்தன.

கர்ணன் அவனை உள்ளே கூப்பிட்டார். "எத்தனை நாளாப்பா உனக்குத் தொறக்கல?"

"திங்கக்கிழமையில இருந்து சார். இதே கடையில மூணாம் நம்பர் மிஷின்ல உக்காந்து அடிச்சு அடிச்சுப் பார்த்தேன். கடைக்கார வைகுண்டராஜ் அண்ணங்கிட்டச் சொன்னா, 'நீ மறந்துட்ட'ன்னுட்டாக. எப்படி சார் மறப்பேன்? எம் ஆட்டோ நம்பரத்தேன பாஸ்வேர்டா வச்சிருந்தேன்!"

"அட பாவி," என்றாள் யுவராணி. "முதுகுல எழுதி ஒட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்க."

"சரி," என்றார் கர்ணன். "அப்ப அது தெரிஞ்சவன் அதையே போட்டு உள்ள போயிருக்கலாமே? எதுக்கு மாத்தணும்? மாத்தினவனுக்கு அது தெரியாது. ஆனா மாத்துற எடத்துல அவன் உக்காந்திருக்கான்."

யுவராணி நிமிர்ந்து பார்த்தாள். டீ கிளாஸ் மனிதருக்கு இப்படித்தான், அவ்வப்போது ஒன்று பிடிபட்டுவிடும்.

அந்த இடம் இந்தக் கடைதான். வைகுண்டராஜ் என்பவரின் பிரவுசிங் சென்டர். முன்னால் எட்டு மிஷின்கள். பின்னால் பிளைவுட் தடுப்புக்குள் ஒரு பழைய பெட்டி. அந்தப் பெட்டிதான் சர்வர். வக்கீலின் பக்கமும், ஊரில் இன்னும் பத்துப் பதினைந்து பேரின் பக்கங்களும் அதில்தான் குடியிருந்தன. வைகுண்டராஜ் நாற்பது வயது, நெற்றி நிறைய விபூதி, கெட்டிக்காரர். இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் கடையால் ஒரு உயிர் போய்விடுமோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

யுவராணி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். பூட்டு இருந்தும் சர்வர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாறினால் போதும். பெயர் கொடுக்காமல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை. முகவரியைக் காட்டும் நிரலில் ஓட்டை இருக்குமோ என்று வரி வரியாகப் படித்தாள். இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் கதவு ஒழுங்காகத் திறந்தது. வெளியிலிருந்து வந்த அந்த இரண்டாவது சுருளியின் இணைய முகவரி எண் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. அதை வைத்து ஆளைப் பிடிக்க மூன்று வாரம் ஆகும். அவர்களிடம் இருந்தது ஒரு பொழுது.

கடைசியாக, கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பின் தேதியைப் பார்த்தாள். பிறகு கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"அண்ணே, இந்தக் கடைய எப்ப ஆரம்பிச்சீக?"

"ரெண்டாயிரத்து நாலு, தை மாசம்," என்றார் வைகுண்டராஜ்.

"இந்த ஃபைலைக் கடைசியா மாத்துனது ரெண்டாயிரத்து ரெண்டு, ஜனவரி ஒண்ணாந்தேதி, ராத்திரி பன்னெண்டு ஒம்பதுக்காம். கடை பொறக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, ஊரே ஹேப்பி நியூ இயர் கத்திக்கிட்டு இருந்தப்ப, யாரோ வந்து பாஸ்வேர்டு மாத்திட்டுப் போயிருக்காக."

கர்ணன் ஜன்னலை விட்டு வந்தார். வைகுண்டராஜின் முகம் மட்டும் மெதுவாக வெளுத்தது.

"அது... பெட்டிக்குள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு சார். செத்துப்போச்சு. கரண்டு வயரைப் பிடுங்கி மாட்டுனா, கடிகாரம் ரெண்டாயிரத்து ரெண்டு, ஜனவரி ஒண்ணு, ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போயிரும். பெறகு முன்னாடி என் மிஷின்ல இருந்தபடியே நான் நேரத்தைத் திருத்துவேன். பேட்டரி மாத்தணும் மாத்தணும்னு..."

"கடைசியா எப்ப வயரைப் பிடுங்குனீங்க?"

"ஆயுத பூஜைக்கு சார். யு.பி.எஸ். இருக்கறதால மத்த நாள்ல இது அணையவே அணையாது. ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சுப் படைச்சோம். அன்னைக்கு யாரும் தொடக்கூடாதுல்ல? விஜயதசமி காலையில, நல்ல நேரம் பார்த்துத்தேன் மறுபடி போட்டோம்."

விஜயதசமி திங்கட்கிழமை. சுருளி தன் பெயரை இழந்ததும் திங்கட்கிழமை.

"அப்படின்னா," என்றார் கர்ணன், ஒவ்வொரு சொல்லாக, "மிஷினைப் போட்ட ஒம்பதாவது நிமிஷம். நீங்க கடிகாரத்தைத் திருத்தறதுக்கு முன்னாடி. அந்த ஒம்பது நிமிஷம் இந்தத் தடுப்புக்குள்ள யாரு இருந்தது?"

"கடை ஆளுக யாருமில்ல சார். நான் வெளிய பூசணிக்கா சுத்தி ஒடைக்கப் போயிட்டேன். முச்சந்தி வரைக்கும் போய்ட்டு வர பதினஞ்சு நிமிஷம் ஆயிருச்சு."

யுவராணி அதற்குள் எழுந்து சர்வரின் பக்கம் போயிருந்தாள். மேலே ஒரு விசைப்பலகை, தூசி படாமல் பாலிதீன் உறைக்குள். வைகுண்டராஜ் எல்லாவற்றையும் தன் மேஜையிலிருந்தே செய்து கொள்பவர்; இதை யாரும் தொடுவதில்லை. அவள் உறையை உருவினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

பலகையின் நான்கு மூலையிலும் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். அது சரி. ஆனால் பதினாலு பதினைந்து எழுத்துகளின் மேலும் மெல்லிசாகச் சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. பொட்டு வைத்தது போல் இல்லை. சந்தனத்தில் தோய்ந்த விரலைத் துடைக்காமல், அவசரமாகத் தட்டியதுபோல் இழுபட்டிருந்தது. பெரிய 'என்டர்' பொத்தானில்தான் அதிகம்.

திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே, இந்த சர்வருக்கே எஜமானன் ஆகிற கடவுச்சொல்.

"காவலுக்குப் பிள்ளையாரே உக்காந்துருக்காரு, எதுக்குத் தனியா பூட்டு?" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. "அண்ணே, உங்க கையில அன்னைக்குச் சந்தனம் இருந்துச்சா?"

"இல்லம்மா, நான் பூசணிக்காயில்ல வச்சிருந்தேன்? சந்தனக் கிண்ணம் அவரு கையில..." வைகுண்டராஜ் நிறுத்தினார்.

"யாரு கையில?"

"அது அவரு வேலையில்ல சார். சத்தியமா இல்ல. பெரிய மனுசன். கைராசிக்காரரு."

"யாருய்யா?"

"தவசி அண்ணன்."

நாற்றுப்பண்ணை தவசியைத் தெரியாதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. அவர் ஊன்றிய திராட்சைக் கொடி பட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. புதுத் தோட்டமா, முதல் கொடியை அவர் ஊன்ற வேண்டும். புதுக் கடையா, முதல் விளக்கை அவர் ஏற்ற வேண்டும். அப்படித்தான் வைகுண்டராஜும் ஆயுத பூஜை முடிந்த மிஷினுக்கு முதல் சுவிட்சைப் போட வருடா வருடம் அவரைக் கூப்பிட்டார். பெட்டிக்குப் பொட்டு வைத்து, சுவிட்சைப் போட்டு, கண் மூடி நிற்பார். அப்போது பக்கத்தில் கூட்டம் கூடாது என்பார். எல்லோரும் பயபக்தியோடு வெளியே போய் நின்றுவிடுவார்கள்.

"அவருக்கு இதெல்லாம் அடிக்கத் தெரியுமா?"

"பண்ணைக்கு நெட்டுல ஒரு பக்கம் நாந்தேன் போட்டுக் கொடுத்தேன்," என்றார் வைகுண்டராஜ், அழாத குறையாக. "ஆறு மாசம் எங்கிட்டவே உக்காந்து கத்துக்கிட்டாக. பேரு சேக்கறது, பாஸ்வேர்டு மாத்தறது எல்லாம் ஆசையாச் சொல்லிக் குடுத்தேனே சார்!"

"விஜயகுமாரோட தோட்டத்துக்கு நாத்து யாரு குடுக்கறது?" என்று கேட்டார் கர்ணன்.

 சுருளி மெதுவாகச் சொன்னான்: "அவுகதேன் சார்."

கர்ணனின் செல்போன் அடித்தது. வக்கீல் மலையம்மாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"கர்ணன் சார், ஒங்க கம்ப்யூட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பக்கத்துல ஏத்தாம, யாருக்கும் சொல்லாம, அபிதாவ நல்ல எடத்துல சேத்துட்டேன். அரை மணி நேரம் ஆச்சு. ஊரே கும்புடுற மனுசன், விசயம் கேள்விப்பட்டு அவுகளே கார் எடுத்துட்டு வந்தாக. புள்ள தலையில கை வச்சு, 'எம் பொண்ணு மாதிரி'ன்னாக. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு."

யுவராணி கேட்க வேண்டியதில்லை. இருந்தும் கேட்டாள். "யாரு மேடம்?"

"நம்ம தவசி அண்ணந்தேன் ஆத்தா. அவுக பண்ணை வீட்டுலதேன் புள்ள இருக்கு."

 யுவராணிக்கு, ஈ கூட நுழையாது என்று சொன்ன தன் வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பண்ணை காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, நாலு பக்கமும் கொடிப் பந்தல். உள்ளே ஒரு பெண் கத்தினால் ரோட்டுக்குக் கேட்காது.

கர்ணன் வக்கீலிடம் இரண்டே வரி பேசினார். போலீஸோடு இங்கே வரச் சொன்னார். பண்ணைப் பக்கம் ஜீப் சத்தமே கேட்கக் கூடாது என்றார். பிறகு வைகுண்டராஜின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் இப்பப் பேசணும். அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. மிஷின் படுத்துருச்சு. மதுரையிலருந்து ஆள் வர்றாங்க, உள்ள யார் யார் என்னென்ன அடிச்சாங்கன்னு தோண்டிப் பார்க்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் கையால போட்டுப் பார்க்கணும்."

"எனக்குக் குரலே நடுங்குது சார்."

"மிஷின் செத்தவனுக்கு நடுங்கத்தானே செய்யும்? நல்லா நடுங்கட்டும்."

வைகுண்டராஜ் பேசினார். "அண்ணே, பெட்டி படுத்துருச்சுண்ணே..." எல்லாவற்றையும் சொன்னார்.  மறுமுனையில் தவசியின் நிதானமான குரல் வந்தது. "யாரையும் தொட விடாத தம்பி. இந்தா வர்றேன்."

சுருளி ஏற்கெனவே ஆட்டோவைக் கிளப்பியிருந்தான். தவசி மெயின் ரோட்டில் வருவதற்குள், வாய்க்கால் கரைப் பாதையில் பண்ணைக்குப் போய் அபிதாவை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். யுவராணி பதிவேட்டையும் கடவுச்சொல் கோப்பையும் தனியே ஒரு சி.டி. தட்டில் பிரதி எடுத்து, சர்வரை அணைத்துவிட்டு, வைகுண்டராஜின் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். சர்வருக்குள் நடப்பது அங்கே தெரியும். முக்கால் மணி நேரம். மழை வரவில்லை, இருட்டிக்கொண்டு மட்டும் நின்றது.

தவசி தனியாக நடந்து வந்தார். நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் செம்மண். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். யுவராணிக்கே ஒரு நொடி, இவராக இருக்காது என்று தோன்றியது. அப்படிப்பட்ட முகம்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க. கை வைக்கையில கூட்டம் ஆகாது," என்றார்.

தடுப்புக்குப் பின்னால் சுவிட்ச் விழுந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு விசைகள் தட்டும் சத்தம், பழகிய கையின் சீரான சத்தம். யுவராணியின் திரையில் பதிவேட்டுக் கோப்பின் பெயர் இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அது அழிந்து இல்லாமல் போனது.

அவள் தலையசைத்தாள். கர்ணன் தடுப்புக் கதவைத் தள்ளினார்.

"சுவிட்ச் போட ஒரு விரல் போதுமேங்க. பத்து விரலும் எதுக்கு?"

தவசி திடுக்கிடவில்லை. திரும்பி, பாலிதீன் உறை இல்லாத விசைப்பலகையையும், தன் விரலையும், வாசலை மறித்து நின்ற கர்ணனையும் பார்த்தார்.

"ஒரு பொண்ணு எம் பொறுப்புல இருக்கு," என்றார் மெதுவாக. "அத மறந்துட்டுப் பேசாதீக. வழிய விடுங்க."

யுவராணியின் செல்போன் அடித்தது. சுருளி. மூச்சு வாங்கியது.

"அக்கா, வீடு வெளிய பூட்டியிருக்கு. பூட்ட ஒடைச்சுட்டேன். உள்ள யாருமில்லக்கா. கட்டில் கீழ, கிணத்துல, பந்தலுக்குள்ள, எல்லாம் பார்த்துட்டேன். பொண்ணு இல்லக்கா!"

தவசிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். யுவராணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கார் சாவியைப் பார்த்தாள். கார் எடுத்துக்கொண்டு வந்தவர் ஏன் தனியாக நடந்து வந்தார்?

அவள் ஓடினாள். வாசலில் கார் இல்லை. தெருமுனையில் இல்லை. அதைத் தாண்டி, பஞ்சுக் கிடங்கின் நீளச் சுவர் முடிகிற இடத்தில், புளியமரத்தடியில், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வெள்ளை அம்பாசிடர் நின்றது. கண்ணாடியைக் கையால் அடித்தாள். யாரும் அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தாள்.

கண்ணாடி மெதுவாக இறங்கியது.

அபிதா உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுசாக வைத்த பூ. மடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்திருந்தாள்.

"அக்கா! கத்தாதீங்க, யாரும் பார்த்துரக் கூடாதாம். அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்னாக. பெறகு மலைக்கு மேல ஒரு கோயிலுக்குப் போறோம். நான் நல்லா இருக்கணும்னு வேண்டுதலாம்."

"இது என்ன?"

"கோயிலுக்குக் குடுக்கிற புதுத்துணி. கீழ வைக்கக் கூடாது, மடியிலயே வச்சுக்கன்னாக."

யுவராணி பொட்டலத்தை வாங்கி ஓரத்தைப் பிரித்தாள். வெள்ளைத் துணி. இரண்டு முறை பார்த்த அதே நெசவு. மூன்றாவது கோடியை, போர்த்திக்கொள்ள வேண்டியவள் மடியிலேயே கொடுத்து உட்கார வைத்திருக்கிறான்.

சட்டென்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று யுவராணி பார்த்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. கார்க் கதவைத் திறந்து அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள்.  தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது.

அபிதா ஜீப்பைப் பார்த்தாள். பிரிந்துகிடந்த துணியைப் பார்த்தாள்.  தலையிலிருந்த பூவைக் கழற்றிக் காரின் இருக்கையில் போட்டாள்.

"அக்கா," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்குத்தேன கோர்ட்டு? ஒம்பதுக்கே போயிருவோம்."